விதை ஒன்றுதான், விதி வேறு: பிள்ளைகள் விளையாடும் உலகங்களின் வரலாறு



இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் பிள்ளைகள் போனிலோ லெப்டொப்பிலோ "கட்டை அடுக்கிற கேம்" விளையாடுகிறார்கள் என்றால் கட்டாயம் வாசியுங்கள்.

முதலில் ஒரு மன்னிப்பைக் கேட்டுவிட்டுத் தொடங்குகிறேன்.

சில நாட்களுக்கு முன் இடைவேளை நேரத்தில் எனது வகுப்பு மாணவர்கள் இருவர் சண்டை பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார்கள். இருவரும் மைன்கிராஃப்ட் விளையாடுபவர்கள். அந்த விளையாட்டில் புதிய உலகம் ஒன்றைத் தொடங்கும்போது ஓர் எண்ணைக் கொடுக்கலாம். பிள்ளைகள் அதை "சீட்" என்கிறார்கள். விதை என்று அர்த்தம். ஒரே எண்ணைக் கொடுத்தால் ஒரே உலகம் வரும் என்பது அவர்களுக்குத் தெரிந்த சட்டம். ஒருவன் தனது எண்ணை மற்றவனுக்குக் கொடுத்து, "தொடங்கிற இடத்துக்குப் பக்கத்திலயே ஆறும் கிராமமும் இருக்கு, போய்ப் பாரு" என்று சொல்லியிருக்கிறான். மற்றவன் வீட்டுக்குப் போய் நானாவின் பழைய லெப்டொப்பில் அதே எண்ணை அடித்திருக்கிறான். ஆறும் இல்லை, கிராமமும் இல்லை. சுற்றிவரக் கடல்.

"சேர், இவன் பொய் சொல்லி என்ன ஏமாத்திட்டான்."

"வல்லாஹி சேர், நான் பொய் சொல்லல்ல. என்ட போன்ல இருக்கு."

இருவரையும் அந்த எண்ணைக் கொப்பியில் எழுதச் சொல்லி ஒத்துப் பார்த்தேன். ஓர் இலக்கம்கூட மாறவில்லை. பாடசாலைக்குப் போன் கொண்டுவர முடியாது என்பதால் அவனால் காட்டவும் முடியவில்லை. "சின்ன விசயத்துக்கெல்லாம் சத்தியம் பண்ணக் கூடாது, பொய்யும் சொல்லக் கூடாது" என்று எண் கொடுத்த பிள்ளையைக் கண்டித்து அனுப்பிவிட்டேன். அவன் ஒன்றும் பேசவில்லை. முகம் மட்டும் வாடிப் போனது.

வரலாறு படிப்பிக்கிற எனக்கு அந்த முகம் இரவு வரைக்கும் உறுத்தியது. இஷாவுக்குப் பிறகு உட்கார்ந்து தேடிப் படித்தேன். ஒரு நாள் இரண்டு நாளாகி, இரண்டு நாள் ஒரு வாரமாகியது. கடைசியில் தெரிய வந்தது இதுதான்: இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். அவசரப்பட்டது நான்.

ஏன் அப்படி என்று விளங்கப்படுத்த வேண்டுமானால் நாற்பது வருடக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

*1. யாரும் கட்டி வைக்காத உலகம்*

ஒரு விளையாட்டுக்குள் ஊர், மலை, குகை எல்லாம் வருகிறதென்றால் யாரோ ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வரைந்திருப்பார் என்றுதான் நினைக்கிறோம். பெரும்பாலான விளையாட்டுகளில் அது சரியும்கூட. மைன்கிராஃப்டில் அப்படி இல்லை. அங்குள்ள மலையை யாரும் வரையவில்லை. பிள்ளை நடந்து போகப் போக, முன்னால் உள்ள நிலத்தை கொம்பியூட்டர் அந்த நேரத்திலேயே கணக்குப் போட்டு உண்டாக்குகிறது.

இந்த யோசனை மைன்கிராஃப்டுக்கு முன்பே பிறந்தது. 1980 ஆம் ஆண்டளவில் கலிபோர்னியாவின் சாந்தா குரூஸ் பல்கலைக்கழகத்தில் மைக்கல் டோய், கிளென் விச்மன் என்ற இரு மாணவர்கள் "ரோக்" என்றொரு விளையாட்டை எழுதினார்கள். அந்தக் காலத்துத் துணிகர விளையாட்டுகளில் ஒரு குறை இருந்தது: எழுதியவருக்கு எல்லா விடையும் தெரியும். தான் எழுதியதைத் தானே விளையாடி ரசிக்க முடியாது. அதனால் இவர்கள் நிலவறையை எழுதாமல், நிலவறையை உண்டாக்கும் விதியை எழுதினார்கள். ஒவ்வொரு முறையும் அறைகள் வேறு இடத்தில், வழிகள் வேறு திசையில். எழுதியவருக்கே அடுத்த கதவுக்குப் பின்னால் என்ன என்று தெரியாது.

1984 இல் இங்கிலாந்தில் டேவிட் பிரபென், இயன் பெல் என்ற கேம்பிரிட்ஜ் மாணவர்கள் இருவர் "எலிட்" என்ற விண்வெளி விளையாட்டை வெளியிட்டார்கள். அது ஓடிய பிபிசி மைக்ரோ கணினியின் நினைவகம் வெறும் 32 கிலோபைட். இன்று நாம் வட்ஸ்அப்பில் அனுப்பும் ஒரு சாதாரணப் படம் அதைவிடப் பெரிது. அதற்குள் 8 விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 கிரகங்கள், மொத்தம் 2,048 கிரகங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஓர் இடம், ஒரு வகை ஆட்சி, ஒரு வகைப் பொருளாதாரம். இவை எதையும் அவர்கள் சேமித்து வைக்கவில்லை. இடம்தான் இல்லையே. ஒரு தொடக்க எண்ணையும் ஒரு கணக்கையும் மட்டும் வைத்தார்கள். தேவைப்படும்போது கணக்கு ஓடும், கிரகம் வரும். எத்தனை முறை ஓடினாலும் அதே கிரகம்.

இன்னும் கோடிக்கணக்கான மண்டலங்களை அதே கணக்கால் உண்டாக்கலாம் என்று இவர்கள் சொன்னபோது, வெளியீட்டாளர்தான் 8 போதும் என்று நிறுத்தினார். அளவுக்கு மிஞ்சினால் விளையாடுபவருக்கு எல்லாம் ஒரே மாதிரித் தெரிந்துவிடும் என்ற பயம்.

*2. தாளில் செய்து பாருங்கள்*

இதில் மாயம் ஒன்றும் இல்லை. தரம் 6 பிள்ளைக்கும் செய்யக்கூடிய கணக்கு. தாளும் பேனையும் எடுங்கள்.

விதி இதுதான்: கையில் உள்ள எண்ணை 5 ஆல் பெருக்குங்கள், 3 ஐக் கூட்டுங்கள், வருவதை 16 ஆல் வகுத்து மீதியை எடுங்கள். அந்த மீதிதான் அடுத்த எண்.

7 இல் தொடங்குவோம். 5 தர 7 முப்பத்தைந்து, 3 கூட்ட 38. 16 ஆல் வகுக்க மீதி 6. அடுத்து 6 ஐ எடுத்தால் 33, மீதி 1. இப்படியே போனால் 6, 1, 8, 11, 10, 5, 12, 15 என்று வரும். பார்ப்பவருக்கு ஒழுங்கே இல்லாதது போலத் தெரியும். ஆனால் நான் இங்கே செய்தாலும், கட்டாரில் இருக்கும் உங்கள் மகன் அங்கே செய்தாலும், 7 இல் தொடங்கினால் இதே வரிசைதான்.

இப்போது இதை நிலமாக்குவோம். 0 முதல் 5 வரை வந்தால் தண்ணீர். 6 முதல் 10 வரை புல்வெளி. 11 முதல் 15 வரை மலை. நமது வரிசை இப்படி மாறும்: புல், தண்ணீர், புல், மலை, புல், தண்ணீர், மலை, மலை. சின்ன உலகம் ஒன்று வந்துவிட்டது.

இதில் மாற்றக்கூடிய இடம் இரண்டு இருக்கிறது.

ஒன்று, தொடக்க எண். 7 க்குப் பதிலாக 3 இல் தொடங்கினால் 2, 13, 4, 7 என்று போகும். தண்ணீர், மலை, தண்ணீர், புல். வேறு உலகம். இதுதான் விதை.

மற்றது, விதி. தொடக்கம் 7 ஆகவே இருக்கட்டும். ஆனால் 0 முதல் 8 வரை தண்ணீர் என்று வைப்போம். அதே வரிசை இப்போது தண்ணீர், தண்ணீர், தண்ணீர், மலை, புல், தண்ணீர், மலை, மலை. எண்கள் ஒன்றுகூட மாறவில்லை. ஆனால் மூன்று புல்வெளிகளில் இரண்டு கடலுக்குள் போய்விட்டன.

(விதி என்றதும் யாரும் கத்ரை நினைக்க வேண்டாம். கணக்கு விதியைத்தான் சொல்கிறேன்.)

கணினிக்கான மைன்கிராஃப்ட் நீண்ட காலம் இதே வகைக் கணக்கைத்தான் பயன்படுத்தியது. எண்கள் மட்டும் பெரியவை: 5 க்குப் பதிலாக 25,214,903,917. கூட்டும் எண் 11. கொடுக்கக்கூடிய விதை எண்களின் எண்ணிக்கை 20 இலக்கம் கொண்டது. எண்ணுக்குப் பதிலாக உங்கள் பெயரை அடித்தால், அந்த எழுத்துகளையே ஓர் எண்ணாக்கிக்கொள்ளும். ஒன்றும் கொடுக்காவிட்டால் கணினியே ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளும்.

*3. மலை எப்படி மலையாகிறது*

நமது தாள் உலகத்தில் ஒரு குறை இருக்கிறது. தண்ணீருக்குப் பக்கத்தில் திடீரென்று மலை நிற்கிறது. உண்மையான நிலம் அப்படி இல்லை. கரை இருக்கும், மேடு இருக்கும், மெல்ல மெல்ல ஏறும்.

இதைத் தீர்த்தவர் கென் பேர்லின் என்ற அமெரிக்கர். 1982 இல் வெளியான "ட்ரொன்" திரைப்படத்துக்கான கணினிப் படங்களில் வேலை செய்தவர். அந்தப் படங்கள் எல்லாம் வழுவழுவென்று, இயந்திரத்தில் வார்த்தது போல இருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. கல்லிலும் மேகத்திலும் இருக்கும் அந்த ஒழுங்கற்ற ஒழுங்கைக் கணக்கில் கொண்டுவர முயன்றார். 1983 இல் வழி கண்டார், 1985 இல் கட்டுரையாக வெளியிட்டார். அதை "பேர்லின் நொய்ஸ்" என்கிறார்கள். 1997 இல் இதற்காகத் தொழில்நுட்பத்துக்கான ஒஸ்கார் விருது கிடைத்தது.

கடற்கரைக்காரருக்கு இது இலேசாக விளங்கும். கடலைப் பாருங்கள். நீண்ட பெரிய அலை ஒன்று வருகிறது. அதன் முதுகில் சின்ன அலைகள். சின்ன அலையின் மேல் காற்று போடும் நெளிவுகள். மூன்றையும் கூட்டினால்தான் கடல். பேர்லினின் முறையில் நிலம் செய்வதும் இப்படித்தான். பெரிய நெளிவு கண்டத்தையும் கடலையும் பிரிக்கும். நடுத்தர நெளிவு மலையைத் தரும். சின்ன நெளிவு மேடு பள்ளத்தைத் தரும். எந்த நெளிவு எவ்வளவு உயரம், எவ்வளவு நீளம் என்று தீர்மானிப்பது சில எண்கள். அந்த எண்களைத் தொட்டால் முழு உலகமும் அசையும்.

இனி நமது கேள்வி: அந்த எண்களைத் தொடும் உரிமை யாருக்கு?

*4. கொடுத்தார்கள், எடுத்தார்கள்*

2009 மே மாதம் சுவீடனைச் சேர்ந்த மார்கஸ் பேர்சன் என்ற நிரலாளர் மைன்கிராஃப்டின் முதல் வடிவத்தை வெளியிட்டார். அப்போது உலகம் சிறியது, எல்லை உண்டு.

அந்த வருடக் கடைசியிலும் 2010 தொடக்கத்திலும் வந்த ஒரு சோதனைப் பதிப்பில், உலகம் தொடங்கும் முன் விளையாடுபவரிடமே கேட்டார்கள்: தீவா, மிதக்கும் நிலமா, சமதரையா, உள்நாடா? நீளமானதா, ஆழமானதா, சதுரமா? சாதாரணமா, காடா, நரகமா, சுவனமா? (கடைசி இரண்டு பெயரையும் கண்டு திடுக்கிட வேண்டாம். ஒன்றில் தண்ணீருக்குப் பதில் எரிமலைக் குழம்பு, மற்றதில் நிறையப் பூக்களும் வெளிச்சமும். அவ்வளவுதான்.)

அதாவது உலகத்தைத் தன் விருப்பப்படி அமைக்கும் வசதி இந்த விளையாட்டின் குழந்தைப் பருவத்திலேயே இருந்தது. ஆனால் 2010 பெப்ரவரியில் எல்லையற்ற உலகம் வந்தபோது அந்தக் கேள்விகள் எல்லாம் காணாமற் போயின. நிலம் பெருகியது, தெரிவு போனது.

2011 பெப்ரவரியில் பீட்டா 1.3 பதிப்பில் ஒரு சின்னக் கதவு திறந்தது. விதை எண்ணை நாமே கொடுக்கலாம். நல்ல உலகம் கண்டவர்கள் எண்ணைப் பகிர்ந்தார்கள். எனது மாணவர்கள் செய்ததும் அதுதான். ஆனால் விதையைத் தெரிவது ஆயிரம் கடைகளில் ஒரு சட்டையைத் தெரிவது போன்றது. தைப்பது வேறு.

அதே ஆண்டு செப்டெம்பரில் பீட்டா 1.8 வந்தது. நிலத்தை உண்டாக்கும் நிரலை மாற்றி எழுதினார்கள். அதே விதை எண்கள் அன்று முதல் வேறு உலகங்களைத் தந்தன.

இந்த இடத்தில் ஒரு மனிதரைச் சொல்ல வேண்டும். பழைய பதிப்புகளில், தொடக்க இடத்திலிருந்து ஒரு கோடியே இருபத்தைந்து இலட்சம் கட்டைகளுக்கு அப்பால் நிலம் குழம்பிப் போகும். துளைகள் நிறைந்த மாபெரும் சுவர் ஒன்று வானம் வரைக்கும் நிற்கும். கணக்கில் வரும் எண் மிகப் பெரிதாகி, அதை வைப்பதற்கு ஒதுக்கிய இடம் போதாமற் போவதே காரணம். இதைத் "தூர நிலங்கள்" என்றார்கள். 2011 மார்ச்சில் கேர்ட் ஜே. மெக் என்ற அமெரிக்கர் அங்கே நடந்தே போவது என்று புறப்பட்டார். ஆறு மாதத்தில் பீட்டா 1.8 வந்து அந்தப் பிழையை நீக்கிவிட்டது. அவர் என்ன செய்தார் தெரியுமா? தனது விளையாட்டைப் புதுப்பிக்கவே இல்லை. பழைய பதிப்பிலேயே தொடர்ந்து வருடக்கணக்காக நடந்தார். நடையை வீடியோவாகப் போட்டு, நோயுற்ற சிறுவர்களுக்கு உதவும் தொண்டு அமைப்புக்கு இலட்சக்கணக்கான டொலர் சேர்த்துக் கொடுத்தார்.

விதையைக் கையில் வைத்திருந்தால் மட்டும் போதாது, விதியையும் பாதுகாக்க வேண்டும் என்று அந்த மனிதருக்கு விளங்கியிருந்தது. எனக்கு விளங்க ஒரு பிள்ளையின் முகம் வாட வேண்டியிருந்தது.

*5. நான்கு பக்கம் நிறைந்த பொத்தான்கள்*

அதற்குப் பிறகு கதவு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. 2012 ஜனவரியில் முழுச் சமதரை உலகம். அதே வருடம் ஒக்டோபரில் அந்தச் சமதரையின் ஒவ்வொரு படையையும் நாமே தீர்மானிக்கும் வசதி: அடியில் கல், மேலே மண், அதற்கு மேல் புல் என்று. 2013 ஒக்டோபரில் மலைகளை வானளவு உயர்த்தும் வகை ஒன்று.

2014 செப்டெம்பர் 2 ஆம் திகதி வந்த 1.8 பதிப்பில்தான் முழுக் கதவும் திறந்தது. உலகம் தொடங்கும் முன் பக்கம் பக்கமாக இழுவைப் பொத்தான்கள். கடல் மட்டம் வழமையாக 63. அதை ஏற்றலாம், இறக்கலாம். கிராமம் வேண்டாம் என்றால் நிறுத்தலாம். கடலை நெருப்புக் குழம்பாக்கலாம். தங்கமும் இரும்பும் எந்த ஆழத்தில், எத்தனை இடத்தில், எவ்வளவு பெரிய திரளாக இருக்க வேண்டும் என்று சொல்லலாம். கடைசிப் பக்கங்களில் இருந்தவை மேலே சொன்ன நெளிவுகளின் எண்களேதான். பேர்லினின் கணக்கு பிள்ளைகளின் விரல் நுனிக்கு வந்துவிட்டது.

எத்தனையோ பிள்ளைகள் அந்தப் பக்கங்களில் ஒன்றும் விளங்காமல் இழுத்துப் பார்த்தார்கள். உலகம் பிய்ந்து துண்டு துண்டாகத் தொங்கியது. திரும்ப இழுத்தார்கள். ஓர் எண்ணை மாற்றினால் எது மாறுகிறது, எது மாறாமல் நிற்கிறது என்று கண்டுபிடித்தார்கள். நான் ஆசிரியன் என்பதால் சொல்கிறேன்: விஞ்ஞான ஆய்வுகூடத்தில் நாம் படிப்பிக்க முயல்வது இதைத்தான். ஒரு மாறியை மாற்று, மற்றவற்றை அப்படியே வை, விளைவைப் பார்.

அந்தப் பதிப்பு வந்து இரண்டு வாரத்துக்குள், 2014 செப்டெம்பர் 15 ஆம் திகதி, மைன்கிராஃப்டை உருவாக்கிய மொஜாங் நிறுவனத்தை 2.5 பில்லியன் டொலருக்கு வாங்குவதாக மைக்ரோசொப்ட் அறிவித்தது.

*6. சுவர் எழுந்த வருடம்*

2018 ஜூலையில் 1.13 வந்தது. கடல்களுக்குப் பவளமும் மீனும் கொடுத்த பதிப்பு. பிள்ளைகள் கொண்டாடினார்கள். ஆனால் நிலத்தை உண்டாக்கும் நிரலை அதற்காகத் திரும்பவும் மாற்றி எழுதியிருந்தார்கள். அந்த இழுவைப் பொத்தான்கள் புதிய நிரலோடு பொருந்தவில்லை. நீக்கிவிட்டார்கள்.

நான்கு வருடமாகத் தமது விதியில் உலகம் வளர்த்தவர்கள் அந்த உலகத்தைத் திறந்தபோது ஓர் அறிவித்தல் வந்தது. அதன் சாரம்: இருப்பதை அப்படியே வைத்துக்கொள்கிறோம், ஆனால் இனி உண்டாகும் நிலம் உங்கள் விதிப்படி இருக்காது, மன்னிக்கவும்.

இதன் பொருளைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். இந்த விளையாட்டில் நிலம் 16 க்கு 16 கட்டை அளவான துண்டுகளாக உண்டாகிறது. நீங்கள் கிட்டப் போகும்போதுதான் துண்டு உண்டாகும். உண்டானது சேமிக்கப்படும். ஆகவே நீங்கள் நடந்த இடம் பழைய விதியிலேயே இருக்கும். நடக்காத இடம் புதிய விதியில் வரும். இரண்டும் சந்திக்கும் எல்லையில் மலை பாதியில் வெட்டிய பாண் போல நிற்கும். அதற்கு அப்பால் சம்பந்தமே இல்லாத கடல்.

பிள்ளைகளுக்கு அது வெறும் அசிங்கமான சுவர். வரலாறு படித்தவருக்கு அது நன்கு தெரிந்த ஒரு காட்சி. எங்கெங்கே மனிதக் கால் பட்டதோ அங்கே பழைய காலம் அப்படியே கிடக்கிறது. சட்டம் மாறிய திகதி நிலத்திலேயே கோடாக விழுந்திருக்கிறது.

*7. திரும்பி வந்தது, எழுத்தாக*

2020 ஜூனில் 1.16 பதிப்போடு அந்த உரிமை திரும்பியது. ஆனால் பொத்தானாக வரவில்லை, எழுத்தாக வந்தது. "ஜேசன்" என்ற முறையில் எழுதிய கோப்புகளை உலகத்தின் கோப்புறைக்குள் வைத்தால், விளையாட்டு அவற்றை வாசித்து அதன்படி நிலம் உண்டாக்கும். கடல் மட்டம், அடித்தளம், உயரம், காலநிலை எல்லாம் ஒரு பெயரும் ஒரு பெறுமதியுமாக எழுதப்பட்டிருக்கும். ஒரு காற்புள்ளி தவறினாலும் கோப்பு ஓடாது.

2021 நவம்பர் 30 ஆம் திகதி வந்த 1.18 பதிப்பு உலகத்தின் உயரத்தையே 256 இலிருந்து 384 கட்டைகளாக்கியது. கீழே 64, மேலே 64. முன்னைய சுவர்ப் பிரச்சினைக்கும் வழி செய்தார்கள்: பழைய நிலமும் புதிய நிலமும் சந்திக்கும் இடத்தில் இரண்டையும் மெல்லச் சரிவாக இணைக்கிறது. 2022 பெப்ரவரியில் வந்த 1.18.2 இல் நெளிவுகளைக் கூட்டிப் பெருக்கும் சூத்திரங்களையே கோப்பில் எழுத வழி செய்தார்கள்.

முன்பு இருந்ததைவிட இப்போது கிடைத்திருப்பது பல மடங்கு பெரிய உரிமை. ஆனால் விரலால் இழுக்கத் தெரிந்த பத்து வயதுப் பிள்ளைக்கு அது எட்டாது. வாசிக்க வேண்டும், எழுத வேண்டும், பிழை திருத்த வேண்டும். கதவு அகலமாகியது, படிக்கட்டு உயர்ந்தது.

இவ்வளவும் கணினியில் ஓடும் ஜாவா பதிப்பின் கதை. போனில் ஓடுவது வேறு நிரல். போனுக்கான பதிப்பு 2011 இல் வந்தது. எல்லையற்ற உலகம் அதற்கு 2014 இல்தான் கிடைத்தது. ஒரே விதை எண்ணுக்குப் போனும் கணினியும் நீண்ட காலம் வெவ்வேறு நிலத்தைத் தந்தன. 1.18 இல்தான் இரண்டின் நிலமும் பெரும்பாலும் ஒன்றாகியது.

*8. இரண்டு பிள்ளைகளும் உண்மையே சொன்னார்கள்*

இப்போது உங்களுக்கே விடை தெரிந்திருக்கும். ஒருவனிடம் இருந்தது புதிய பதிப்பு ஓடும் போன். மற்றவனிடம் இருந்தது நானா விட்டுப் போன பழைய லெப்டொப். போய்ப் பார்த்தேன், 1.18 க்கு முந்திய பதிப்பு. விதை ஒன்றுதான். விதி வேறு. அதனால் ஒருவனுக்கு ஆறு, மற்றவனுக்குக் கடல்.

நாம் ஹதீஸ் படிக்கும்போது மத்னை மட்டும் பார்ப்பதில்லை. யார் யாரிடம் கேட்டார், எந்த வழியாக வந்தது என்று ஸனதையும் கேட்கிறோம். வெறும் எண்ணைச் சொல்வது ஸனத் இல்லாமல் செய்தி சொல்வது போலத்தான். "இந்த எண், இந்தப் பதிப்பு, இந்த மாற்றங்கள்" என்று மூன்றையும் சொன்னால்தான் அடுத்தவன் அதே இடத்துக்கு வந்து சேர்வான். இருவருக்கும் இப்போது இதைச் சொல்லியிருக்கிறேன். கொப்பியில் மூன்று நிரல் போட்டு எழுதுகிறார்கள்.

சிலர் என்னிடம் கேட்டார்கள்: "சேர், உலகத்தைப் படைக்கிற மாதிரி விளையாடுறது சரியா?" மார்க்கத் தீர்ப்பை உலமாக்களிடம் கேளுங்கள், அது எனது வேலை இல்லை. எனக்குத் தெரிந்தது இது: அங்கே நடப்பது படைப்பு அல்ல, பெருக்கல், கூட்டல், வகுத்தல். படைப்பவன் அல்லாஹ் ஒருவனே. பிள்ளை செய்வது ஒரு கணக்கின் விடையைப் பார்ப்பது.

அந்தக் கணக்குமுறைக்கு உலகம் வைத்திருக்கும் பெயரும் நமக்கு அந்நியமானதில்லை. "அல்கோரிதம்" என்ற சொல், 9 ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த முஹம்மத் இப்னு மூஸா அல்-குவாரிஸ்மியின் பெயர் லத்தீனில் திரிந்து வந்தது. அல்ஜிப்ராவுக்காக அவரை நாம் அறிவோம். அவர் இன்னொரு நூலும் எழுதினார்: "கிதாப் ஸூரத் அல்-அர்ழ்", பூமியின் தோற்றம். அதில் 2,400 க்கும் அதிகமான இடங்களின் அகலாங்கும் நெட்டாங்கும் எண்களாக வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. நகரங்கள், மலைகள், கடல்கள், தீவுகள், ஆறுகள். அவர் காலத்து உலகப் படம் நம் கைக்கு வந்து சேரவில்லை. எண்களும் அவற்றை வாசிக்கும் முறையும் வந்து சேர்ந்தன. அவற்றைக் கொண்டு பிற்கால அறிஞர்கள் அந்தப் படத்தைத் திரும்ப வரைந்தார்கள்.

*பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்*

மணிக்கணக்காக விளையாட விடுங்கள் என்று சொல்லவில்லை. தொழுகை நேரமும் படிப்பு நேரமும் தூங்கும் நேரமும் வீட்டில் நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். ஆனால் போனைப் பறிப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "மகன், இந்த மலை எப்படி வந்திச்சு?" தெரியாது என்று சொன்னால் மேலே உள்ள தாள் பயிற்சியைச் சேர்ந்து செய்யுங்கள். பெண் பிள்ளைகளிடமும் கேளுங்கள். எனது வகுப்பில் இந்தக் கணக்கை முதலில் பிடித்துக்கொண்டவர் ஒரு மாணவிதான். "சேர், 5 க்குப் பதிலா 4 ஆல பெருக்கினா என்ன நடக்கும்?" என்று கேட்டார். செய்து பாருங்கள். ஓரிரு படியிலேயே ஒரே எண்ணில் போய் நின்றுவிடும். நல்ல விதியை எழுதுவது ஏன் கஷ்டம் என்று அன்று வகுப்பு முழுவதற்கும் விளங்கியது.

விதை எண்ணைத் தேடி அலையும் பிள்ளை நல்ல வாடிக்கையாளர். விதியை எழுதப் பழகும் பிள்ளை நாளைக்கு வேறு எதையும் எழுதக்கூடியவர். நாற்பது வருட வரலாற்றில் அந்த உரிமை கொடுக்கப்பட்டது, எடுக்கப்பட்டது, திரும்பக் கொடுக்கப்பட்டது. இன்று அது வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும் திறந்திருக்கிறது. நமது பிள்ளைகள் அந்தப் படிக்கட்டின் கீழேயே நின்றுவிடக் கூடாது என்பதுதான் எனது கவலை.

கடைசியாக, அந்த மாணவனுக்கு. மகன், வகுப்பில் எல்லோர் முன்னாலும் உன்னிடம் மன்னிப்புக் கேட்டேன். கண்டித்தது வெளியில், பலர் பார்க்க என்பதால் இங்கேயும் கேட்கிறேன். நீ சொன்னது உண்மை. உன் உலகத்தில் ஆறும் கிராமமும் இருக்கின்றன. நான் பார்த்தேன்.

நமது பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை அல்லாஹ் கொடுப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.